காலி கேலரியை நிரப்புவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொழில்முறை கால்பந்து லீகில் கூட்டம் சேர்ப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். கிளப் அலுவலகங்களில் வேலை செய்பவர்கள், ரசிகர் மன்றத்தினர், கேலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவர்கள் என எல்லாப் பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

எங்கள் அரங்கில் 15,000 இருக்கைகள். ஆட்டத்துக்கு 4,000 பேர் வந்தாலே பெரிய விஷயம். மீதி இடத்தை இலவச பாஸ் கொடுத்து நிரப்பிவிடலாம் என்கிறது நிர்வாகம். செய்யலாமா? (கிளப் டிக்கெட் பிரிவு ஊழியர்)

பாஸ் கொடுக்கலாம். ஆனால் கட்டுக்கட்டாக ஸ்பான்சர் நிறுவனங்களிடம் கொடுத்துவிட்டு மறந்துபோகிற பாஸால் எந்தப் பயனும் இல்லை. காசு கொடுக்காமல் வாங்கியவர் லேசாகத் தூறினாலே வீட்டில் இருந்துவிடுவார். அதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. காசு கொடுத்து வந்தவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர் சும்மா வந்தவர் என்று தெரிந்தால், அடுத்த முறை அவரும் பாஸுக்குக் காத்திருப்பார்.

முதலில் உங்கள் 4,000 எந்த 4,000 என்று பாருங்கள். விற்ற டிக்கெட், கொடுத்த பாஸ், வாசலில் ஸ்கேன் ஆன ஆட்கள் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். பல கிளப்களில் அறிவிக்கப்படும் எண்ணிக்கை முதல் இரண்டின் கூட்டல்தான். வேலைக்கு உதவுவது மூன்றாவது எண். சீசன் டிக்கெட் வைத்திருந்தும் தொடர்ந்து மூன்று ஆட்டத்துக்கு வராதவர்கள் யார் யார் என்பதும் அதிலிருந்தே தெரியும். அவர்களைப் புதுப்பிக்கும் மாதத்தில் கூப்பிடுவதில் பயனில்லை. மூன்றாவது ஆட்டம் முடிந்த அந்த வாரமே கூப்பிட வேண்டும்.

இலவச டிக்கெட்டை வைத்துப் பெரிய அளவில் வென்ற கிளப் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா. 2002 உலகக் கோப்பைக்காகக் கட்டிய, 40,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்கம் அவர்கள் கைக்கு வந்தது. கால்பந்துப் பழக்கமே அதிகம் இல்லாத ஊர். குடியிருப்போர் சங்கங்கள், பள்ளிகள் வழியாக அழைப்புகளைக் கொடுத்தார்கள். அண்டை வீட்டாரோடு சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்தே திரும்ப வந்தார்கள். 2005இல் சராசரி கூட்டம் 40,000ஐத் தாண்டியது. நாம் கவனிக்க வேண்டியது பாஸின் எண்ணிக்கையை அல்ல, அது போன வழியை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு பள்ளி, அல்லது ஒரு குடியிருப்பு, அல்லது ஒரு தொழிற்சங்கம் என்று ஒரே கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் பதிவு செய்தவருக்கு மட்டும் பாஸ். பரம எதிரியோடு மோதும் ஆட்டம் தானே விற்கும், அதற்கு வேண்டாம். கடைசி இரண்டு இடத்தில் கிடக்கும் அணியோடான ஆட்டமும் வேண்டாம். நடுத்தரமான, கோல் விழ வாய்ப்புள்ள ஆட்டமாகப் பாருங்கள். வந்தவர்களைக் காலி மூலையில் ஒதுக்காமல், வழக்கமாக வருபவர்கள் உட்காரும் பகுதியை ஒட்டி உட்காரவையுங்கள். ஆட்டம் முடிந்து 48 மணி நேரத்துக்குள், அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு மட்டும் செல்லும் பாதி விலைச் சலுகையை அனுப்புங்கள்.

பிறகு எண்ணுங்கள். 500 புதியவர்களில் எத்தனை பேர் அடுத்த மூன்று ஆட்டங்களுக்குள் காசு கொடுத்து வந்தார்கள்? 50 பேர் வந்திருந்தால் அதே முறையை இன்னொரு கூட்டத்திடம் செய்யலாம். 5 பேர்தான் என்றால் அடுத்த பாஸை அச்சடிக்காதீர்கள். வந்த இடத்தில் ஏதோ சரியில்லை. வாசலில் நின்ற நேரமா, கழிப்பறையா, வீடு திரும்ப வண்டி கிடைக்கவில்லையா என்று 20 பேரிடம் தொலைபேசியில் கேட்டால் போதும், காரணம் வெளியே வந்துவிடும். எங்கள் கருத்தில் மொத்த இருக்கையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பாஸ் கொடுக்கக் கூடாது. சீசனுக்கு நான்கு ஆட்டத்துக்கு மேலும் வேண்டாம்.

டிக்கெட் விலையைப் பாதியாகக் குறைத்தால் கூட்டம் இரண்டு மடங்காகுமா?

ஆகாது. டிக்கெட் என்பது ஒரு குடும்பத்தின் மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். போக்குவரத்து, சாப்பாடு, ஒரு மாலைப்பொழுது எல்லாம் மற்ற பகுதி. அதனால் விலையைக் குறைப்பதாக இருந்தால் ஒற்றை ஆட்ட டிக்கெட்டில் கை வைக்காமல் சீசன் டிக்கெட்டில் குறையுங்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் சிட்டி 2015-16 சீசனுக்குப் பெரியவர்களுக்கான சீசன் டிக்கெட்டை 149 பவுண்டுக்கு விற்றது. அப்போது அது மூன்றாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் சராசரி கூட்டம் 18,000ஐ ஒட்டி இருந்தது. முன்பணம் கட்டிவிட்டவர் குளிரிலும் வருவார், தோற்றுக்கொண்டிருக்கும்போதும் வருவார்.

கணக்கு எளிது. சொந்த அரங்கில் 15 ஆட்டம் என்றால் சீசன் டிக்கெட்டை 9 ஆட்டத்தின் விலைக்கு வையுங்கள். பத்தாவது ஆட்டத்திலிருந்து அவருக்கு லாபம். தவணையில் கட்ட வழி கொடுங்கள். வர முடியாத நாளில் கிளப்பின் வழியாகவே இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கவும் வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் விற்ற இருக்கை காலியாகக் கிடக்கும்.

செய்யவே கூடாத ஒன்று கடைசி நேரத் தள்ளுபடி. ஆட்டத்துக்கு முதல்நாள் விலையை ஒருமுறை குறைத்துவிட்டால், மறுமுறை எல்லோரும் முதல்நாள்வரை காத்திருப்பார்கள். சீசன் டிக்கெட்காரர் ஓர் ஆட்டத்துக்குக் கொடுத்த விலையைவிடக் குறைவாக எந்த ஒற்றை டிக்கெட்டும் எந்த நாளும் விற்கப்படக் கூடாது. விற்பனை மந்தமாக இருந்தால் விலையைத் தொடாமல் எதையாவது கூடுதலாகக் கொடுங்கள். பேருந்துப் பயணத்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஜெர்மனியில் பல கிளப்களின் டிக்கெட்டைக் காட்டினால் ஆட்ட நாளில் அந்த வட்டாரப் பொதுப் போக்குவரத்தில் தனிக் கட்டணம் கிடையாது.

வயதுப் படிகளையும் பாருங்கள். சிறுவருக்கு நல்ல சலுகை கொடுத்துவிட்டு, 18 வயதானதும் திடீரென முழு விலைக்குத் தூக்கும் கிளப்கள் அந்த வயதில்தான் ரசிகரை இழக்கின்றன. கையில் காசில்லாத, ஆனால் நண்பர்கள் கூட்டத்தோடு வரக்கூடிய வயது அது. 12 வரை, 17 வரை, 21 வரை, 25 வரை என்று படிப்படியாக ஏற்றுங்கள்.

எங்கள் கிளப் ஆட்டங்கள் ஒரு வாரம் சனிக்கிழமை, அடுத்த வாரம் புதன் இரவு, அதற்கடுத்து ஞாயிறு மதியம். நேரமும் பத்து நாள் முன்னால்தான் தெரிகிறது. தொலைக்காட்சிக்காக என்கிறார்கள். (20 ஆண்டாகக் கேலரியில் இருக்கும் ரசிகர்)

உங்கள் கோபம் நியாயமானது. ஆட்டத்துக்குப் போவது பழக்கம். நாள் மாறிக்கொண்டே இருந்தால் பழக்கம் உண்டாகாது. லீக் நிர்வாகம் ஒளிபரப்பு ஒப்பந்தம் போடும்போதே இரண்டு நிபந்தனைகளை எழுதிக்கொள்ள வேண்டும். முதலாவது, பெரும்பாலான உள்ளூர் ஆட்டங்களுக்கு ஒரே நாள், ஒரே நேரம். இரண்டாவது, மாற்றம் என்றால் குறைந்தது ஆறு வாரம் முன் அறிவிப்பு. வெளியூர் ரசிகர் ரயில் டிக்கெட் எடுக்கும் முன்பே அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ரசிகர்கள் சேர்ந்து நின்றால் நடக்கும். ஜெர்மனியின் முதல்நிலை லீகான புன்டஸ்லிகாவில் திங்கட்கிழமை ஆட்டங்களை எதிர்த்து ரசிகர்கள் நடத்திய போராட்டங்களுக்குப் பிறகு, 2021-22 சீசனிலிருந்து அவை கைவிடப்பட்டன. இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து நேரலை ஒளிபரப்பு கிடையாது. சிறிய கிளப்களுக்கு வரும் கூட்டத்தைப் பாதுகாக்கப் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கும் ஏற்பாடு அது. உங்கள் லீகிலும் மேல்நிலை ஆட்டமும் கீழ்நிலை ஆட்டமும் ஒரே நேரத்தில் மோதினால், கீழ்நிலை கிளப்தான் அடி வாங்கும்.

ஆட்டம் தொடங்கி 15 நிமிடம் கழித்துத்தான் உள்ளே போக முடிகிறது. இடைவேளையில் தண்ணீர் வாங்கப் போனால் இரண்டாம் பாதியின் முதல் கோலைத் தவறவிடுகிறோம். இதையெல்லாம் யாராவது கணக்குப் போடுகிறார்களா?

போட வேண்டும். போடாத கிளப்கள் விளம்பரத்துக்குச் செலவழிக்கும் பணம் வீண். எங்களைக் கேட்டால், கூட்டம் குறைவதற்கான காரணங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான்.

பிரிட்டனின் விளையாட்டு அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி ஒரு டர்ன்ஸ்டைல் (ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல் வாயில்) வழியாக மணிக்கு அதிகபட்சம் 660 பேர் என்று கணக்கிடச் சொல்கிறது. அதாவது ஆளுக்கு ஐந்தரை நொடி. 12,000 பேரை ஒரு மணி நேரத்தில் உள்ளே அனுப்ப 19 டர்ன்ஸ்டைல்கள் வேண்டும். ஆனால் மக்கள் ஒரு மணி நேரமாகப் பரவி வருவதில்லை. அறுபது விழுக்காட்டினர் கடைசி அரை மணியில் வந்தால், அந்த 7,200 பேருக்கே 22 டர்ன்ஸ்டைல்கள் தேவை. ஒன்றிரண்டு பழுதாகும் என்று வைத்துக்கொண்டு 25 வையுங்கள்.

அதற்கும் முன்னால் பை சோதனை இருக்கிறது. ஆளுக்கு 15 நொடி என்றால் ஒரு வரிசையில் மணிக்கு 240 பேர்தான். டர்ன்ஸ்டைல் எத்தனை வைத்தாலும் கூட்டம் இங்கேயே தேங்கிவிடும். பை இல்லாதவர்களுக்குத் தனி வரிசை வையுங்கள். அந்தப் பலகை வரிசையின் வாலில் இருந்தே கண்ணில் பட வேண்டும். தலைமாட்டில் வைத்தால் எல்லோரும் நின்ற பிறகுதான் படிப்பார்கள். கைபேசி டிக்கெட் என்றால் வாசலில் இணையம் தடுமாறும். டிக்கெட்டை இணையமில்லாமலும் திறக்கும்படி செய்து, வரிசையில் நிற்கும்போதே திறந்துவைக்கச் சொல்ல இரண்டு பேரை நிறுத்துங்கள்.

இடைவேளை 15 நிமிடம், அதாவது 900 நொடி. கடையில் ஒருவருக்கு 45 நொடி ஆனால் ஒரு கவுன்டரில் 20 பேர்தான் வாங்க முடியும். 12,000 பேரில் ஐந்தில் ஒருவர் வந்தால் 2,400 பேர், 120 கவுன்டர்கள் வேண்டும். எந்தக் கிளப்பாலும் முடியாது. ஒருவருக்கு 20 நொடியாகக் குறைத்தால் 54 போதும். குறைப்பது எப்படி? விற்கும் பொருள் நான்கைந்துக்குள் இருக்கட்டும். சில்லறை தேடாத முழு எண்ணில் விலை வையுங்கள். எல்லாம் முன்கூட்டியே பொட்டலமாகத் தயாராக இருக்க வேண்டும். தண்ணீருக்கு மட்டும் தனி மேசை போடுங்கள், அங்கே வேறெதுவும் விற்க வேண்டாம். முதல் பாதியிலேயே கேலரிக்குள் தூக்கிச் சென்று விற்பவர்கள் இருந்தால் சுமை இன்னும் குறையும்.

பெண்கள் கழிப்பறையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பழைய அரங்கங்கள் ஆண்களை மட்டும் மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. குடும்பப் பகுதி என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, பக்கத்தில் இருக்கும் கழிப்பறையைப் பாதியாவது பெண்களுக்கு மாற்றாவிட்டால் அந்தக் குடும்பம் மறுமுறை வராது.

எங்கள் ரசிகர் மன்றத்தில் 200 பேர். முரசு, கொடி, பாட்டு என்று உற்சாகமாக இருப்போம். கிளப் எங்களைப் பல பகுதிகளில் பிரித்து உட்காரவைக்கிறது. கொடிக் கம்புக்கும் தடை.

200 பேர் சிதறினால் சத்தமே எழாது. ஒரே இடத்தில், கோலுக்குப் பின்னால், கீழ் அடுக்கில் நின்றால் அரங்கமே அவர்கள் பக்கம் திரும்பும். ஜெர்மனியின் டார்ட்மண்ட் அரங்கின் தெற்கு ஸ்டாண்டில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டு பார்க்கிறார்கள். கிளப்பின் மஞ்சள் நிறத்தில் நிற்கும் அந்த ‘மஞ்சள் சுவரை’க் காணவே பிற நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

கிளப்போடு பேச உட்காரும்போது ஒரு பக்கத்தில் எழுதிய கோரிக்கையோடு போங்கள். இருக்கை எண் இல்லாத ஒரு தனிப் பகுதி. முரசுகளைப் பூட்டிவைக்க ஓர் அறை. பெரிய பதாகைகளைக் கட்ட, வாசல் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பத்துப் பேருக்கு அனுமதி. கம்பின் நீளம், தடிமன், துணி எளிதில் தீப்பிடிக்காததாக இருப்பது பற்றி எழுத்தில் விதி. விதி எழுத்தில் இல்லாதபோதுதான் ஒவ்வொரு வாசல் காவலரும் ஒவ்வொரு சட்டம் பேசுவார். பதிலுக்கு நீங்கள் தர வேண்டிய உறுதிகள் உண்டு. மத்தாப்பு, புகைக்குண்டு வராது. சாதி, இன, பாலியல் வசை வராது. நடைவழியும் படிக்கட்டும் எப்போதும் காலியாக இருக்கும்.

கிளப் தரப்பில் ரசிகர்களோடு பேசுவதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும். ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா தன் கிளப் உரிம விதிகளில் 2012-13 முதல் இப்படி ஓர் அலுவலரைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

கிளப்புக்கும் ஒரு வார்த்தை: ஒலிபெருக்கியைக் குறையுங்கள். கோல் விழுந்த அடுத்த நொடி முழுச் சத்தத்தில் பாட்டுப் போட்டால், ரசிகர் தொண்டையிலிருந்து வர வேண்டிய கூச்சல் அங்கேயே அமுங்கிப்போகும்.

பெரிய வெளிநாட்டு நட்சத்திரம் ஒருவரை வாங்கினால் பிரச்சினை தீராதா?

கூட்டம் வரும், சந்தேகமே இல்லை. மெஸ்ஸி 2023இல் அமெரிக்காவின் இன்டர் மயாமி கிளப்புக்கு வந்தபின் எதிரணிகளின் அரங்கும் நிறைந்தது. 2024 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டி கிளப் அவர் அணியோடான தன் ஆட்டத்தையே பெரிய அரங்குக்கு மாற்றியது. 72,610 பேர் வந்தார்கள். கேள்வி அவர் போன பிறகு என்ன என்பதுதான். சீன லீக் பெரும் பணம் கொட்டி ஆட்டக்காரர்களை வாங்கியது. 2020இல் பட்டம் வென்ற ஜியாங்சு கிளப், சில மாதங்களிலேயே, 2021 தொடக்கத்தில், செயல்பாட்டை நிறுத்திவிட்டது.

இதற்கு நேரெதிர் பிரேசில் நட்சத்திரம் ஜீக்கோ. 1991இல் ஜப்பானின் கஷிமா என்ற சிறிய ஊருக்குப் போனார். ஆடியதோடு நிற்காமல் பயிற்சி முறையையும் கிளப்பின் ஒழுங்கையும் உருவாக்கினார். அவர் விட்டுச்சென்ற கிளப் ஜப்பானின் மிக வெற்றிகரமான கிளப்களில் ஒன்று.

நட்சத்திரத்தை வாங்குவதென்றால் அவர் விமானம் ஏறும் முன் மூன்று வேலை முடிந்திருக்க வேண்டும். அவருக்காக டிக்கெட் வாங்குபவர்களின் தொடர்பு விவரம் உங்கள் கணினியில் சேர வேண்டும். அவருடைய ஆட்டத்துக்கான டிக்கெட்டைத் தனியாக விற்காமல், இன்னும் இரண்டு ஆட்டங்களோடு சேர்த்து விற்க வேண்டும். அவருக்குப் பக்கத்தில் ஆடும் உள்ளூர் இளைஞர் இருவரின் முகமும் ஒவ்வொரு சுவரொட்டியிலும் இருக்க வேண்டும். அவருக்குக் காயம் பட்டால் விளம்பரம் முழுதும் வீணாகாமல் இருக்கவும் இதுவே வழி.

தொலைக்காட்சியில் எங்கள் அரங்கம் எப்போதும் காலியாகத் தெரிகிறது.

முதன்மைக் கேமரா எந்த ஸ்டாண்டில் இருக்கிறதோ அதற்கு எதிர் ஸ்டாண்டில், கீழ் அடுக்கில் முதலில் டிக்கெட் விற்கவும். பல கிளப்கள் விலை உயர்ந்த இருக்கைகளைக் கேமராவுக்கு எதிரே வைத்துவிட்டு, நிறைந்த கேலரியைக் கேமராவின் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. தேவையில்லாத மேல் அடுக்கை மூடித் துணி போர்த்துங்கள். 6,000 பேர் 7,000 இருக்கையில் உட்கார்ந்தால் திருவிழா. அதே 6,000 பேர் 40,000 இருக்கையில் உட்கார்ந்தால் சோகம். அமெரிக்காவின் கால்பந்து லீகான எம்எல்எஸ் தொடக்க காலத்தில், அமெரிக்கக் கால்பந்து என்ற வேறொரு விளையாட்டுக்குக் கட்டிய ராட்சத அரங்கங்களில் தவித்தது. 1999இல் கொலம்பஸில் கால்பந்துக்கென்றே சிறிய அரங்கம் கட்டப்பட்டது. மற்ற ஊர்களும் பிறகு அந்த வழியில் போயின.

புது உரிமையாளர் கிளப்பின் நிறத்தையும் சின்னத்தையும் மாற்றினால் புது ரசிகர்கள் வருவார்கள் என்கிறார்.

இருப்பவர்களும் போவார்கள். வேல்ஸின் கார்டிஃப் சிட்டி கிளப் 2012இல் சட்டையின் நீலத்தைச் சிவப்பாக்கியது. ரசிகர்களின் எதிர்ப்பு ஓயவில்லை. 2015 ஜனவரியில் நீலத்துக்கே திரும்பியது. யோகோஹாமா ஃபுளூகெல்ஸ் கிளப்பை இன்னொன்றோடு இணைத்தபோது அதன் ரசிகர்கள் தாங்களே யோகோஹாமா எஃப்சி என்ற புதுக் கிளப்பைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலிய லீக் 2022 டிசம்பரில் இறுதிப் போட்டிகளைச் சிட்னிக்கே கொடுப்பதாக அறிவித்ததும் ரசிகர்கள் ஆட்டத்தின் நடுவே எழுந்து வெளியேறினார்கள். அடுத்த ஆண்டே முடிவு கைவிடப்பட்டது. பெயர், நிறம், சின்னம், ஊர் நான்கும் சீசன் டிக்கெட்காரர்களின் வாக்கெடுப்பு இல்லாமல் மாறாது என்று கிளப் விதியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

சீசனின் கடைசி ஆறு வாரம் யாருக்கும் எதற்கும் ஆடுவது போலவே இல்லை. போட்டி முறையை மாற்றலாமா? (லீக் அலுவலகப் பணியாளர்)

நடு வரிசை அணிகளுக்கும் ஓர் இலக்கு வேண்டும். இங்கிலாந்துக் கீழ்நிலை லீகுகள் 1987 முதல் மேல் லீகுக்கு ஏறும் கடைசி இடத்துக்குப் பிளே-ஆஃப் (சீசன் முடிவில் சில அணிகளுக்குள் தனிப் போட்டி) நடத்துகின்றன. அதனால் ஆறாம், ஏழாம் இடத்து அணிக்கும் ஏப்ரல்வரை நம்பிக்கை இருக்கிறது. ஸ்காட்லாந்தின் முதல்நிலை லீகில் 12 அணிகள் 33 ஆட்டம் ஆடியபின் மேல் ஆறு, கீழ் ஆறு என்று பிரிந்து ஆடுகின்றன. இரண்டும் பலன் தருகின்றன. ஆட்டத்தின் அடிப்படை விதியை மட்டும் தொடாதீர்கள். எம்எல்எஸ் 1996இல் சமநிலையைத் தவிர்க்க 35 கெஜத்திலிருந்து பந்தோடு ஓடிவந்து கோல்கீப்பரை எதிர்த்து அடிக்கும் முறையையும் பின்னோக்கி ஓடும் கடிகாரத்தையும் கொண்டுவந்தது. கால்பந்து தெரிந்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1999க்குப் பிறகு இரண்டும் போய்விட்டன. எதை மாற்றினாலும் ஐந்து ஆண்டு வைத்திருங்கள். வருடத்துக்கொரு முறை மாற்றினால் ரசிகருக்குப் புள்ளிப் பட்டியலே புரியாது.

ஆட்டக்காரர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறோம். படம் எடுக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். ஆட்டத்துக்கு யாரும் வருவதில்லை.

போகும் நாளைப் பாருங்கள். சீசன் இல்லாத மாதத்தில் போனால் பிள்ளைகளின் உற்சாகம் நாலு நாளில் ஆறிவிடும். உள்ளூர் ஆட்டத்துக்கு நான்கைந்து நாள் முன்பாகப் போங்கள். மேடையில் பேசவிடாமல் 40 நிமிடம் பிள்ளைகளோடு பந்து ஆடவையுங்கள். அந்தப் பள்ளியிலிருந்து 22 பிள்ளைகள் அந்த ஆட்டத்தில் வீரர்களின் கைபிடித்து மைதானத்துக்குள் வரட்டும். ஒரு பிள்ளையோடு மூன்று நான்கு பெரியவர்கள் வருவார்கள். பிள்ளைக்கு இலவசம், பெரியவர்களுக்குக் குழுச் சலுகை. பெற்றோர் ஒப்புதல் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பிள்ளைகளை இறக்கிவிடும் வாயிலையும் திரும்பக் கூட்டிப்போகும் வாயிலையும் ஒன்றாக வைத்து, அதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் அடுத்த மூன்று உள்ளூர் ஆட்டங்களின் தேதியும் நேரமும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.